பட்டமும் வசவும்

இந்திய அரசியல் சட்டத்தில் 17ஆவது பிரிவும் 18ஆவது பிரிவும் அடுத்தடுத்து நிற்கின்றன. 17 தீண்டாமையை ஒழிக்கிறது. 18 பட்டங்களை ஒழிக்கிறது. நாம் 17ஐ வாசித்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். கூட்டத்தில் பேசவும் துண்டறிக்கை எழுதவும் நமக்கு அதுதான் வேண்டும். 18 என்னமோ ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டம் வாங்கினவங்க வீட்டுச் சங்கதி, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறோம். சம்பந்தம் இருக்கிறது. இன்ன வயிற்றில் பிறந்தான் என்பதற்காக ஒருவனைக் கும்பிட வேண்டும் என்பதும், இன்ன வயிற்றில் பிறந்தான் என்பதற்காக இன்னொருவனைத் தொடக் கூடாது என்பதும் ஒரே நியாயத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒழிக்க முடியுமா என்பதுதான் இங்கே என் கேள்வி.

இரண்டு பிரிவுகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 17 தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. 18இல் தண்டனை கிடையாது. அரசு இனிப் பட்டம் கொடுக்காது என்பதோடு அது நின்றுகொள்கிறது. பரம்பரையாக வந்த மகாராஜா, நவாப், ராணா எதையும் அது தொடவில்லை. அதோடு போயிற்றா? அதே சட்டத்தின் 362ஆவது பிரிவு அவர்களுடைய சலுகைகளையும் மரியாதைகளையும் மதிக்கச் சொன்னது. 291ஆவது பிரிவு வருசாவருசம் வருமான வரி இல்லாத மன்னர் மானியம் கொடுத்தது. மைசூருக்கு 26 லட்சம். திருவிதாங்கூருக்கு 18 லட்சம். சௌராஷ்டிரத்தில் ஒரு குட்டி ராசாவுக்கு வருசத்துக்கு 192 ரூபாய். இந்த 192ஐக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மாசத்துக்கு 16 ரூபாய். அந்தக் காசை நம்பி யாரும் ராசாவாக இருக்கப் போவதில்லை. 'நீ ராசாதான்' என்று ஒரு குடியரசு வருசாவருசம் எழுதிக் கொடுக்கிறதே, அதுதான் அங்கே சொத்து.

1970 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஆணை போட்டு மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தார். மன்னர்கள் வழக்குக்குப் போனார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 1971 டிசம்பரில் 26ஆவது திருத்தம் வந்த பிறகுதான் மானியமும் அங்கீகாரமும் போயின. 1950இல் தீண்டாமை ஒழிந்தது என்று எழுதிவிட்ட குடியரசுக்கு, ராசாக்கள் ஒழிந்தார்கள் என்று எழுத இன்னும் 21 வருசம் தேவைப்பட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் வாசிப்பு வட்டத்தில் வந்த இரண்டு கேள்விகள். கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, எல்லா சாதிக்காரனும் ஆண்ட பரம்பரைன்னு பேனர் கட்டுறான். நாமளும் ஒரு காலத்துல ஆண்டவங்கதான்னு ஏன் சொல்லக் கூடாது?" பக்கத்தில் இருந்த மூத்த தோழர் வேறொரு பக்கமிருந்து வந்தார்: "ராசான்னா எல்லாரும் ஒண்ணா தம்பி? பரோடா மகாராஜா இல்லேன்னா, சாகு மகராஜ் இல்லேன்னா பாபாசாகேப் எப்படிப் படிச்சிருப்பாரு, எப்படிப் பத்திரிகை நடத்தியிருப்பாரு? அந்த நன்றிய மறந்துட முடியுமா?" இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது, மதிப்பு என்பது பிறப்பால் வருமா என்கிற ஒரே கேள்வி.

மூத்த தோழர் சொன்ன பரோடாவையே எடுத்துக்கொள்வோம். 1875இல் மல்கர்ராவ் கெய்க்வாடை ஆங்கிலேயர்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள். அரண்மனைக்கு வாரிசு வேண்டும். நாசிக் பக்கம் கவ்லானா என்கிற கிராமத்தில் தூரத்துப் பங்காளிக் குடும்பம் ஒன்று இருந்தது. பயிர்த்தொழில் செய்கிற குடும்பம். அங்கிருந்து கோபால்ராவ் என்கிற 12 வயதுப் பையனைக் கூட்டிவந்து தத்து எடுத்தார்கள். ஒரே நாளில் அவன் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் ஆனான். 21 குண்டு மரியாதைக்குரிய ஐந்து சமஸ்தானங்களில் ஒன்று பரோடா. எழுத்துக்கூடச் சரியாகத் தெரியாமல் வந்த பையனுக்கு ஆசிரியர்களை வைத்துப் படிக்க வைத்து, 1881இல் ஆட்சியைக் கையில் கொடுத்தார்கள்.

அந்த சயாஜிராவ்தான் 1913இல் அம்பேத்கருக்கு உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். திரும்பி வந்து சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் அம்பேத்கர் பரோடாவில் வந்து இறங்கினார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அன்றைக்கே வெளியேற வேண்டியதாயிற்று. பரோடாவின் பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒரே ஊர். கிராமத்துப் பையன் ஒருவனுக்கு ஒரு சடங்கு போதுமாக இருந்தது. அப்பன் மாறி, பெயர் மாறி, ரத்தம் மாறி அரசனாகிவிட்டான். இன்னொருவருக்கு இரண்டு கண்டத்துப் படிப்பும் போதவில்லை. ஒரு வாடகை அறைகூட நிலைக்கவில்லை. 'ரத்தம், ரத்தம்' என்கிறார்களே, அது மேலே இருப்பவர்களுக்குத் தண்ணி மாதிரி, வேண்டிய பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளலாம். கீழே இருப்பவர்களுக்கு மட்டும் அது கல்லாகிவிடுகிறது.

இது பரோடாவில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. இந்த 'தொன்றுதொட்ட' வம்சங்கள் பலவும் தத்துப் பிள்ளைகளால் தொடர்ந்தவை. அந்தத் தத்து செல்லுமா செல்லாதா என்பதைக் கடைசியில் முடிவு செய்தவன் வெள்ளைக்காரன். டல்ஹவுசி 'வாரிசு இல்லை' என்று சொல்லி 1848இல் சதாராவை எடுத்துக்கொண்டான். 1855இல் தஞ்சாவூர் மராட்டியர் பட்டமும் அப்படித்தான் போனது. 1857 கலகம் நடந்து முடிந்த பிறகு, ராசாக்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று புரிந்துகொண்டு, தத்து எடுத்துக்கொள்ளும் உரிமையை 1862இல் எழுத்தில் கொடுத்தார்கள். சூரிய வம்சமும் சந்திர வம்சமும் கல்கத்தாவிலிருந்து வந்த காகிதத்தில் பிழைத்துக் கிடந்தன. மைசூரில் 1799இல் திப்புவைக் கொன்ற பிறகு, ஐந்து வயதுப் பையனை அரியணையில் உட்கார வைத்தவர்களும் கம்பெனிக்காரர்களே. அதே மைசூர் அரண்மனையில், மன்னர் அங்கீகாரம் ஒழிந்து 44 வருசம் கழித்து, 2015இல் மறுபடியும் தத்து எடுத்து, பட்டம் சூட்டினார்கள். சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆனாலும் சனங்கள் கூடினார்கள். அவர் 2024இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

ராசாக்களுக்குள்ளும் சமத்துவம் கிடையாது. பரோடாவுக்கு 21 குண்டு. திருவிதாங்கூருக்கும் கோலாப்பூருக்கும் 19. எங்கள் புதுக்கோட்டைக்கு 11. 560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குண்டும் இல்லை. சாதி என்பது மேலே போகப் போக மரியாதையும் கீழே வர வர இழிவும் கூடுகிற ஏணி என்று அம்பேத்கர் சொன்னார். ஆங்கிலேயன் அந்த ஏணியைப் பீரங்கியால் அளந்து காட்டினான். அந்த ஏணியின் மேல்படிகளைத் தனியாகப் பார்த்தால்தான் அது வரலாறாகவும் பெருமையாகவும் தெரிகிறது. கீழ்ப்படிகளோடு சேர்த்துப் பார்த்தால் என்னவென்று நமக்குத் தெரியும்.

திருவிதாங்கூரில் அது பேச்சிலேயே தெரிந்தது. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்துவிட்டு, தன்னைப் 'பத்மநாபதாசன்' என்று சொல்லிக்கொண்டார். அங்கே அரசர்கள் தங்கப் பாத்திரத்துக்குள் இறங்கி வெளியே வந்து, மறுபிறப்பு எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் இரண்யகர்ப்பம் என்ற சடங்கு நடந்தது. அது முடிந்த பிறகுதான் 'குலசேகரப் பெருமாள்' என்ற பட்டம். அந்தத் தங்கத்தைப் பிராமணர்களுக்குப் பங்கு வைப்பார்கள். அரசன் வந்தால் 'எழுந்தருளல்', தூங்கினால் 'பள்ளிக்குறுப்பு', செத்தால் 'நாடு நீங்கல்'. அதே நாட்டில் புலையர் ஒருவர் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த சாமுவேல் மெட்டீர் என்ற பாதிரியார் இவற்றையெல்லாம் பதிந்திருக்கிறார்.

'தாசன்' என்றாலும் அடிமை, 'அடியன்' என்றாலும் அடிமை. ஒருவருக்கு அது பட்டம், இன்னொருவருக்கு அது வசவு. அரசனின் தூக்கத்துக்குத் தனிச் சொல் வேண்டுமென்றால், புலையரின் சோற்றுக்கும் தனிச் சொல் வேண்டியிருக்கிறது. எல்லாருடைய சோறும் சோறுதான் என்று ஆகிவிட்டால் 'பள்ளிக்குறுப்பு' என்பது வெறும் தூக்கமாகிவிடும். புதுக்கோட்டைத் தொண்டைமான்களும் 'பிரகதாம்பாதாஸ்' என்றுதான் பட்டம் போட்டுக்கொண்டார்கள். தெய்வத்துக்கு அடிமை என்று சொல்லிக்கொண்டவர்கள் யாரும் சேரிக்காரனை அந்தத் தெய்வத்துக்கு இன்னொரு அடிமையாக, தமக்குச் சமமாக வைத்துப் பார்க்கவில்லை.

தமிழில் 'மானியம்' என்ற சொல் இருக்கிறது. மன்னர் மானியம் என்கிறோம். கிராமத்தில் தோட்டி மானியம், வெட்டியான் மானியம் என்றும் ஒன்று உண்டு. இரண்டும் பரம்பரைதான். அப்பனுக்குப் பிறகு மகன். மேலே இருப்பது வேலை செய்யாமல் வருவது. கீழே இருப்பது கேதம் சொல்லப் போகிறதுக்கும், செத்த மாட்டைத் தூக்குகிறதுக்கும், பிணம் எரிகிற வரைக்கும் காத்துக் கிடக்கிறதுக்கும் தருகிற துண்டு நிலம். மராட்டியத்தில் மகர்களுக்கு இருந்த 'வத்தன்' இதே சங்கதிதான். அந்த நிலத்தின் பேரைச் சொல்லியே ஒரு சாதி முழுவதையும் அரசு அதிகாரிகளுக்கும் ஊருக்கும் ராப்பகலாக ஓடவைத்தார்கள். 1928இல் பம்பாய் சட்ட மன்றத்தில் அம்பேத்கர் அந்த வத்தன் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். பரம்பரைச் சொத்தை வேண்டாம் என்று சொல்வதற்காகச் சட்ட மன்றம் வரைக்கும் போனவர்கள் நம்மவர்கள்.

இங்கேதான் கோலாப்பூர் சாகுவைப் பற்றிப் பேச வேண்டும். நன்றி என்று மூத்த தோழர் சொன்னது சரிதான். 1902 ஜூலை 26இல் தன் சமஸ்தான வேலைகளில் பாதியைப் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கினார் சாகு. 1920 மார்ச்சில் மாண்காவ் மாநாட்டுக்கு வந்து, உங்களுக்குத் தலைவர் கிடைத்துவிட்டார் என்று அம்பேத்கரைக் காட்டினார். 'மூக்நாயக்' பத்திரிகைக்குப் பணம் கொடுத்தார். கங்காராம் காம்ப்ளே என்ற மகர் வைத்த கடையில் போய் எல்லாரும் பார்க்கத் தேநீர் குடித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1918இல் தன் சமஸ்தானத்தில் மகர் வத்தனை ஒழித்தார்.

அவர் ஏன் இதைச் செய்தார்? பல காரணம் இருக்கலாம். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. 1899இல் அவர் ஆற்றில் குளிக்கும்போது புரோகிதர் வேத மந்திரம் சொல்ல மறுத்தார். நீங்கள் சூத்திரர், உங்களுக்குப் புராண மந்திரம் போதும் என்றார். 19 குண்டு மரியாதைக்காரருக்கு இந்த நிலை. பட்டம் என்பது எவ்வளவு பொய் என்று இடுப்பளவு தண்ணியில் நின்று தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வழி இருந்தது. நானும் சத்திரியன்தான் என்று நிரூபித்துக்கொண்டு அதோடு உட்கார்ந்துவிடலாம். அவரும் அந்தச் சண்டையைப் போட்டார்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. தனக்குக் கீழே பிறப்பால் பூட்டி வைத்திருந்தவர்களின் பூட்டைத் தொட்டார். அதனால்தான் அவரை நினைக்கிறோம். கோலாப்பூர் கத்தியில் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர்; நம் சனங்களில் யாருக்கு மற்றவர்கள் பேர் தெரியும்? நாம் கும்பிடுவது அவர் செய்ததை. பட்டம் அவருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே நன்றிக்கும் ஒரு கணக்கு வேண்டும். சயாஜிராவ் கொடுத்த உதவித்தொகைக்கு நன்றி சயாஜிராவுக்கு. அது அவருடைய பேரன் பேத்திகளுக்கு நாம் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் ஆகாது. மதிப்பு பரம்பரையாக வராது என்றால் நன்றியும் பரம்பரையாகப் போகாது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா கொடுத்தார் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. கையெழுத்து அவருடையதுதான். ஆனால் 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுச் சாலையில் போனவர் அய்யன்காளி. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது புலையர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். 1924இல் வைக்கத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நடக்கச் சனங்கள் அடிபட்டார்கள். 1935 அக்டோபரில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். அங்கே ஈழவர்களும் மதம் மாறுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள். அது நடந்து 13 மாதத்தில் மகாராஜாவுக்கு மனம் இளகியது. உரிமையை வாங்கியவர்கள் பேர் விட்டுப்போய், கொடுத்தவர் பேர் மட்டும் நிற்பதற்குத்தான் பட்டம் பயன்படுகிறது.

இதே அய்யன்காளியை அவருடைய சனங்கள் 'புலைய ராஜா' என்று சொல்வார்கள். பாதி விளையாட்டாகவும் பாதி பிரியமாகவும் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை 1937இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியே குறிப்பிட்டார். அந்த ராஜாவுக்குக் குண்டு முழக்கமில்லை, மானியமில்லை, அந்தப் பட்டத்துக்கு வாரிசும் கிடையாது. எங்கள் அப்பாயியும் அப்படித்தான். ஊசி போட்டுக் காசு வாங்காமல் அனுப்பிய கம்பவுண்டரை 'மவராசன்' என்பார். வெயிலில் தண்ணி கொடுத்த பெண்ணை 'மவராசி, நல்லாயிருப்ப' என்பார். சமஸ்தானத்தில் பிறந்து வளர்ந்த கிழவி, நிசமான மகாராசாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. 'அவுக பாட்டுக்கு இருந்தாக, நாம பாட்டுக்குக் கெடந்தோம்' என்பதோடு சரி. எழுத்தறியாத சனங்கள் அந்தச் சொல்லைப் பிறப்பிலிருந்து பிடுங்கிச் செய்கையில் நட்டுவிட்டார்கள். படித்த நாம்தான் அதை மறுபடி பிறப்பில் கொண்டுபோய் நடப் பார்க்கிறோம்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நம் வரலாற்றை மறைத்தார்கள் என்பது உண்மை. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நம்மவர் யார் யார் என்னவாக இருந்தார்கள் என்று தேட வேண்டும். தேடுகிறவர்களுக்கு நாம் துணை நிற்க வேண்டும். ஆனால் தேடிக் கண்டதை எதற்குப் பயன்படுத்துகிறோம்? 'நாங்களும் ஆண்டோம், அதனால் எங்களை மதி' என்று சொன்னால், ஆளாதவனை மதிக்க வேண்டாம் என்பதை நாமே ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் மலம் அள்ளிய பாட்டிக்கு என்ன மதிப்பு? நம்மில் ஆயிரத்தில் ஒருவருக்கு ராசா மூதாதை கிடைக்கலாம். மீதி 999 பேரை எந்தப் பேனரில் போடுவது? எதிரி கையிலிருக்கிற தராசைக் கடன் வாங்கி நம்மை நிறுத்தால் நம் ஆட்கள் பாதிப் பேர் எடை குறைவாகத்தான் இருப்பார்கள்.

என் பரம்பரையைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். என் தாத்தா ஊர்த்தோட்டி. அவருக்குப் பிறகு என் அப்பா கேதம் சொல்லப் போக வேண்டும். அப்பா போகவில்லை. 'எனக்கு அந்த மானியமும் வேணாம், அந்த வேலையும் வேணாம்' என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார். நிலம் போனது. இரண்டு வெள்ளாமைக்கு ஊரில் ஒருவரும் எங்கள் வீட்டை வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மா பத்துக் கல் தள்ளிப் போய் நாற்று நட்டார். ராசாக்கள் மானியத்தை விட மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். என் அப்பா மானியத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டினி கிடந்தார். இரண்டில் எது மானமுள்ள செயல் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கல்வெட்டு தேவையில்லை. தம்பி, பேனர் கட்டத்தான் வேண்டுமென்றால் இப்படி வேண்டாமென்று சொன்னவர்கள் பேரை எழுதிக் கட்டுவோம்.

சட்டம் ஒழித்தது பேச்சில் ஒழியாது என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். 2020 ஜூலையில் பத்மநாபசாமி கோயில் வழக்கில், கோயிலை நிர்வகிக்கும் உரிமை திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு வாரிசு முறைப்படி தொடரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. புதுக்கோட்டையில் தொண்டைமான் அரண்மனைதான் மாவட்ட ஆட்சியர் அலுவலகமானது. மகுடம் இருந்த இடத்தில் மக்கள் மனு கொடுக்கிறார்கள், நல்ல மாற்றம்தான். அந்த மாவட்டத்தில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் சனங்கள் குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. அரண்மனை கைமாறிவிட்டது, கிராமத்து ஏணி அப்படியே நிற்கிறது.

கடைசியாக நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் இயக்கங்களிலும் தலைவர் மகன் என்பதற்காக மேடையில் நாற்காலி போடுகிற பழக்கம் வந்துகொண்டிருக்கிறது. 'இளவரசே வருக' என்று சுவரில் எழுதுகிறார்கள். அப்பா சிறைக்குப் போனதற்கு மகனுக்கு மாலை. அந்த மகன் தானும் உழைத்தால் உழைப்புக்கு மாலை போடுவோம். பிறப்புக்குப் போட்டால், பிறப்புக்கு இழிவு உண்டு என்கிறவனிடம் வாதாட நமக்கு வாய் இருக்காது. நம் இதழ்களில், நம் மேடைகளில், நம் சுவரொட்டிகளில் எந்த வாரிசுப் பட்டமும் வேண்டாம் என்று முடிவெடுக்க யாருடைய அனுமதியும் நமக்குத் தேவையில்லை. 18ஆவது பிரிவு அரசாங்கத்தின் கையைத்தான் கட்டியது. நம் வாயை நாம்தான் கட்ட வேண்டும்.